படத்தில் உருவத்தைச் சுற்றித் தீ: கலைச்சொல் தேவை

வியாசர்பாடி, கணினி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கான படத்தொகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உருவத்தைச் சுற்றித் தீ எரிவதுபோல் அமைக்கும் பாடத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. 'தீ விளைவு' என்றால் தீ விபத்தின் சேதக் கணக்குபோல ஒலிக்கிறது. பாடம் இதுதான்: கறுப்புப் பின்னணியில் எடுத்த தீயின் படத்தை உருவத்தின்மேல் வைத்து, கலப்பு முறையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால் கறுப்பு மறைந்து தீ மட்டும் நிற்கும். தீப்படம் உள்ள அந்த அடுக்கை (லேயர்) நகலெடுத்து ஒன்றை உருவத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். முன்னால் இருப்பதில் முகத்தை மறைக்கும் கொழுந்துகளை மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு நீக்க வேண்டும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, சொல் கண்ணெதிரே இருக்கிறது: திருவாசி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு மாணவர்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஆடவல்லானாகிய நடராசரைச் சுற்றிய திருவாசி என்ற வளைவின் விளிம்பில் தீக்கொழுந்துகள் வரிசையாக நிற்கும். இறைவனின் இடக்கை ஒன்றிலும் தீ இருக்கும். 'எரிதிருவாசி' என்று வைக்கலாம். பொதுவாகச் சொல் வேண்டுமென்றால் 'அழற்கோலம்'. அழல், தழல், கனல், தணல், பிழம்பு என்று தீயின் ஒவ்வொரு நிலைக்கும் சொல் வைத்திருக்கும் மொழியில் வெறும் 'தீ' போதும் என்பது வறுமை.

ராயப்பேட்டை, பேனர் வடிவமைப்பாளர்:
ஐயா, பொறுத்தருள வேண்டும். திருவாசியில் தீ, வளைவின் வெளிவிளிம்பில் நிற்கிறது. எங்கள் வேலையில் தீ தோளைத் தொட்டு, முடியில் ஏறி, சட்டை ஓரத்தை மஞ்சளாக்க வேண்டும். ஒளி உடல்மேல் விழாவிட்டால் ஒட்டவைத்த படம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஃபோட்டோஷாப்பில் தீயைத் தானே வரையும் ஃபிளேம் வடிகட்டி (ஃபில்டர்) வருமுன் எழுத்துக்குத் தீ வைத்த முறையையும் கையேட்டில் சேருங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து; படத்தை 90 பாகை திருப்பி 'விண்ட்' வடிகட்டி; மறுபடி நிமிர்த்திச் சற்று மங்கலாக்கி ஆரஞ்சு நிறம் ஏற்றுவோம். அந்தக் காற்று இடம் வலமாக மட்டுமே வீசும் என்பதால்தான் திருப்புகிறோம். பெயரைக் கேட்டால், கடைக்கு வருகிறவர் 'ஃபயர் எஃபெக்ட்' என்றுதான் சொல்கிறார். அதையே தமிழ் எழுத்தில் போட்டால் என்ன குறை?

அம்பத்தூர், மென்பொருள் தமிழாக்குநர்:
குறை உண்டு, அண்ணா. 'எஃபெக்ட்' என்று ஒரு பாடத்தில் விட்டால், நிழல், ஒளிர்வு, மழை எல்லாம் அதே வாலோடு வரிசையில் நிற்கும். ஐயாவின் 'அழற்கோலம்' அழகு. ஆனால் ல் திரிந்து ற் ஆவதால், கோப்பில் 'அழல்' என்று தேடும் மாணவருக்கு அது அகப்படாது. இன்னொரு சிக்கல்: கிம்ப் மென்பொருளில் 'ஃபிளேம்' என்று இருப்பது நெருப்பே அல்ல, ஸ்காட் டிரேவ்ஸ் 1992இல் உருவாக்கிய கணித முறையில் வரையப்படும் வடிவம். 'சுடர்' என்ற சொல்லை அதற்காக ஒதுக்கிவைப்போம். நம் பாடத்துக்குத் 'தீச்சூழ்வு' எப்படி?

மயிலாப்பூர்:
தம்பி, சூழ்தல் குறளில் ஆராய்தல் என்ற பொருளில் வருகிறது. அதிலிருந்து வந்த சூழ்ச்சி இன்று வஞ்சகம் ஆகிவிட்டது. சூழ்வுக்கும் அந்தக் கறை ஒட்டாதா? தேடுபொறிக்காகப் புணர்ச்சியை ஒடிப்பது எனக்கு உடன்பாடில்லை; பொறியைத்தான் இலக்கணம் கற்கச் செய்ய வேண்டும்.

ராயப்பேட்டை:
சூழ்வு என்றதும் என் கடைப் பையனுக்கே சுற்றி நிற்பது என்று புரிந்தது. அவனுக்கு 'அழல்' புரியவில்லை. என் வாக்கு தீச்சூழ்வுக்கு.

அண்ணா நகர், அச்சுப்பிழை திருத்துநர்:
தீச்சூழ்வு. ச் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி:
நன்றி. முன்னாலும் பின்னாலும் அடுக்கு வருவதைச் 'சூழ்வு' ஓரளவு சொல்கிறது. தலைப்பில் தீச்சூழ்வு, முதல் வரியில் ஒருமுறை 'ஃபயர் எஃபெக்ட்'. திருவாசிப் படம் ஒன்றைப் பயிற்சிக்கு வைக்கிறேன், ஐயா.

மயிலாப்பூர்:
வையுங்கள் அம்மா, மகிழ்ச்சி. ஆனால் கையேட்டின் சொற்பட்டியலில் அழற்கோலமும் மாற்றுச்சொல்லாக இடம்பெற வேண்டும். அடுத்த பதிப்பின்போது இதை மறுபடி எழுப்புவேன்.