பெரியப்பா உதவித்தொகை வேண்டாம் என்கிறார். கட்டுமான நலவாரிய அட்டையிலும் ஆதாரிலும் வேறு வேறு பிறந்த தேதி. என்ன செய்வது?

வலங்கைமான் பக்கம்:
பெரியப்பாவுக்காகக் கேட்கிறேன். கேட்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் வீட்டுப் படி ஏற விடமாட்டார்.

குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். பெரியப்பா கொத்தனார். பதினாறு வயதில் கையாளாகப் போனவர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுக்குப் பூச்சு அவர் கைதான். மூன்று வருஷமாக முழங்கால் போய்விட்டது, சாரத்தில் ஏற முடியாது. மேஸ்திரிகளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற சில்லறை வேலை வந்தால் போவார். ஐப்பசி கார்த்திகையில் அதுவும் இல்லை. மகள் திருப்பூரிலிருந்து பணம் அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

முதியோர் உதவித்தொகைக்கு எழுதலாம் என்று ஒரு இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பையன் பத்துப் பேர் காதில் விழும்படி, "தாத்தா, ஆதரவற்றவர்னு போடணும், பிள்ளைங்க யாரும் சோறு போடலையா?" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "நான் கட்டுன வீட்டுலதான்டா இந்த ஊரே தூங்குது. என்னைப் போயி திக்கத்தவன்னு எழுதச் சொல்றியா?" பத்து நாள் என்னோடு பேச்சு இல்லை.

அப்புறம் பெரியம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டையை எடுத்துக் கொடுத்தார். 2009-இல் சங்கத்துக்காரர்கள் பதிந்து கொடுத்ததாம். அதில் பிறந்தது 1963 மே. ஆதாரில் 1-1-1965. அட்டை 2024 செப்டம்பரோடு முடிந்திருக்கிறது. ஆதார்படி பார்த்தால் அப்போது அவருக்கு அறுபதே ஆகவில்லை. ஆதாரில் போன் நம்பர் கிடையாது, கைரேகையும் மெஷினில் விழவில்லை. ஒரு தரகர் மூவாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். இதில் ஏதாவது வழி உண்டா?

சங்கத்து ஆள், திருவாரூர்:
தரகருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். வாரியத்தில் பதிவதற்கும் பணம் கேட்டு மனு போடுவதற்கும் கட்டணமே கிடையாது.

அடுத்து, முதியோர் உதவித்தொகையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ஆனது. வாரிய ஓய்வூதியமும் அப்போதே 1,000-லிருந்து 1,200 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தொகை ஒன்றுதான் என்கிறபோது, ரோஷக்காரரை எதற்கு ஆதரவற்றவர் வரிசையில் நிறுத்த வேண்டும்? வாரியத்தில் யாரும் அவரிடம் பிள்ளை சோறு போடுகிறானா என்று கேட்க மாட்டார்கள். தொழிலாளியா, பதிவு இருக்கிறதா, அறுபது முடிந்ததா, அவ்வளவுதான் கேள்வி.

உங்கள் விஷயத்தில் எல்லாம் அந்த மே 1963-இல்தான் நிற்கிறது. அது சரியென்றால் 2023 மே மாதம் அவருக்கு அறுபது முடிந்தது, அன்றைக்கு அட்டை உயிரோடு இருந்தது. ஆதார் தேதி சரியென்றால் அறுபதாவதற்கு முன்பே அட்டை காலாவதி. ஆகவே, முதலில் பிறந்த தேதி.

குடவாசல் அக்கா (ஆதார் பதிவு வேலை பார்த்தவள்):
ஜனவரி ஒன்று என்று பார்த்ததுமே தெரிகிறது. சான்று இல்லாமல் வயதை மட்டும் வாயால் சொன்னவர்களுக்கு அப்படித்தான் விழும். எங்கள் தெருவில் பாதிக் கிழங்களுக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள், கேக் வெட்டினால் ஊருக்கே பத்தாது.

பெரியப்பா பள்ளிக்கூடம் போனாரா? ஐந்தாவது வரைக்கும் படித்திருந்தாலும் போதும். அந்தத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தலைமையாசிரியரைப் பார்த்து, அதிலிருந்து எழுதித் தருகிற ரெக்கார்டு ஷீட் கேளுங்கள். ஆதார் மையத்தில் எந்தச் சான்றை வாங்குவார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு அலையுங்கள். பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே அவசரப்பட்டுத் தப்பான தேதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

கைரேகைக்குப் பயப்பட வேண்டாம். சிமென்டும் சுண்ணாம்பும் தொட்ட கை, ரேகை தேய்ந்துதான் போயிருக்கும். கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போன் நம்பர் சேர்ப்பதற்குத் தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து செய்து கொடுப்பார், அஞ்சல் வங்கி மூலம் அந்த வசதி இருக்கிறது. ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். மகள் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் திருப்பூருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

முன்னாள் விஏஓ:
சங்கத்து ஆள் சொன்னது சரி. ஆனால் முதியோர் உதவித்தொகையை அவ்வளவு கேவலமாகப் பேச வேண்டாம். 1962-லிருந்து இந்த மாநிலம் கொடுத்துவருகிற பணம் அது. வாரியத்தில் வழி அடைபட்டால் அதுதான் கதி. இ-சேவையில் பதிந்தால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும். விசாரிக்க வரும் விஏஓவிடம் முன்கூட்டியே தனியாகப் பேசி, கேள்வியைத் தெருவில் வைத்துக் கேட்காமல் வீட்டுக்குள் வந்து கேட்கச் சொல்லலாம். நான் அப்படிச் செய்திருக்கிறேன். தள்ளுபடி செய்தால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம்.

வலங்கைமான் பக்கம்:
நன்றி. பெரியம்மாவுக்கு வேறு பயம். பெரியப்பாவுக்குப் பணம் வந்தால் தனக்கு வருகிற மகளிர் உரிமைத்தொகை 1,000 நின்றுவிடுமோ என்கிறார். அதோடு பெரியப்பாவிடம் பேச்சை எப்படி எடுப்பது என்றும் தெரியவில்லை.

முன்னாள் விஏஓ:
அந்தக் காரணத்துக்காக நிற்காது. வீட்டில் ஒருவர் முதியோர் ஓய்வூதியமோ, வாரியம் கொடுக்கிற அமைப்புசாராத் தொழிலாளர் ஓய்வூதியமோ வாங்கினாலும், மற்றத் தகுதிகள் உள்ள பெண்ணுக்கு உரிமைத்தொகை உண்டு என்று 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள்.

பாபநாசம் பொண்ணு:
எங்கப்பாவும் கொத்தனார்தான், இதே கதைதான். நாங்கள் பேசிய வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பிள்ளைகள் பணத்தைப் பற்றிப் பேசினாலே அவருக்கு உபதேசம் மாதிரி பட்டது. கடைசியில் அவரோடு நாற்பது வருஷம் ஒரே சாரத்தில் நின்ற மாமா ஒருத்தரைச் சொல்ல வைத்தோம். அவர் ஓய்வூதியம், உதவி என்ற வார்த்தையே எடுக்கவில்லை. "யோவ், ஒரு வீட்டுக்கு வரைபட அனுமதி வாங்குறப்ப மதிப்புல நூத்துக்கு ஒரு ரூவா வாரியத்துக்குக் கட்டுறான்ல, அது யாரு காசு? நாம பூசுன சுவத்துக் காசு. அதை எவனோ வாங்கித் தின்னணுமா?" என்றார். அப்பா அன்றைக்கு ராத்திரியே அட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சங்கத்து ஆள், திருவாரூர்:
அது சும்மா சமாதானத்துக்குச் சொல்கிற பேச்சில்லை. அந்த ஒரு சதவீதம்தான் வாரியத்தின் பெட்டி. தில்லியில் 1996-இல் சட்டம் போட்டார்கள். இங்கே 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-லேயே கட்டுமான வாரியம் வந்துவிட்டது. இதையும் பெரியவரிடம் சொல்லுங்கள்.

வலங்கைமான் பக்கம் (ஐந்து வாரம் கழித்து):
ரெக்கார்டு ஷீட் கிடைத்தது. 14-5-1963. தலைமையாசிரியை அரை மணி நேரம் பழைய பதிவேட்டைத் தூசி தட்டித் தேடினார். பள்ளிக்கூடத்துத் திண்ணை போன வருஷம் பெரியப்பா பூசியதாம், அதனால் கூடுதல் கவனிப்பு.

ஆதார் திருத்தம் போட்டாயிற்று, கருவிழியில் உடனே எடுத்துக்கொண்டது. தபால்காரர் போன் நம்பர் சேர்த்துக் கொடுத்தார். தேதி மாறி வந்ததும் வாரிய மனுவைப் பதிய வேண்டும். பாபநாசம் தங்கை சொன்ன மாதிரி, அவரோடு வேலை செய்த பாய் ஒருவரைப் பேச வைத்தேன். என்ன பேசினார்களோ தெரியாது, இரண்டு டீ முடிந்தது. மறுநாள் காலை சலவை வேட்டி கட்டிக்கொண்டு, "வாரிய ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறப்பான்?" என்று அவரே கேட்டார்.

திருவாரூர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவரே கேட்டு அவரே மடித்து வைத்துக்கொண்டார். என்னைப் பேசவே விடவில்லை. திரும்பும்போது டீக்கடையில் நின்றவர் சுவரைத் தடவிப் பார்த்து, "ரசமட்டம் வைக்காமப் பூசியிருக்கான், பாரு" என்றார்.

குடவாசல் அக்கா:
திருத்தம் வந்ததும் பாஸ்புக்கில் பெயர் எழுத்து ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனு போடுங்கள். பணம் வர ஆரம்பித்த பிறகு வருஷா வருஷம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், மறந்தால் நின்றுவிடும்.

வலங்கைமான் பக்கம்:
பெரியம்மா காலண்டரில் எழுதி வைத்துவிட்டார்.