கொக்கித் தராசில் கிலோவை அழிக்கலாமா?

சாக்பீஸ்தூள்:
ஆறாம் வகுப்புக்கு விசைப் பாடம் எடுக்கிறேன். பள்ளியில் இருக்கும் சுருள்வில் தராசு நாலில் ஒன்று தளர்ந்துபோய், சும்மா தொங்கவிட்டாலே 2 நியூட்டன் (விசையின் அலகு) காட்டுகிறது. பற்றாததற்குச் சந்தையில் கிலோ போட்ட கொக்கித் தராசு இரண்டு வாங்கினேன், அதிலும் உள்ளே சுருள்வில்தான். ஒரு பெண் அதை பெஞ்சுக் காலில் மாட்டித் தரையோடு இழுத்தாள். பெஞ்ச் நகரும்போது முள் 6-இல் நின்றது. "சார், நம்ம பெஞ்ச் ஆறு கிலோதானா?" என்றாள். இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெஞ்ச் அது, 15 கிலோவுக்குக் குறையாது. அவள் மேல் தப்பில்லை, தராசு அப்படித்தான் சொன்னது. அன்று சாயங்காலமே கிலோ எண்கள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி நியூட்டன் எழுதிவிட்டேன். விசை அளக்கும் பிள்ளைகளிடம் கிலோ தராசைக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

பழையபேப்பர்:
வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பழைய பேப்பர் வியாபாரம். கொக்கித் தராசைப் பிடித்துத்தான் வளர்ந்தேன். ஒரு கட்டைத் தூக்கினாலே நாலரையா ஐந்தா என்று கை சொல்லிவிடும். நியூட்டன் எனக்கு என்னவாக இருந்தது தெரியுமா? கணக்கின் கடைசியில் போடும் ஓர் எழுத்து. மறந்தால் அரை மார்க் போகும், அவ்வளவுதான். நீங்கள் தாள் ஒட்டியதால் என்ன மாறியது? கிலோவுக்குச் சுமார் 9.8 நியூட்டன் கணக்கில், 6 இருந்த இடத்தில் 59 இருக்கும். "பெஞ்ச் 59-ஆ சார்?" என்று கேட்கப் போகிறாள்.

சாக்பீஸ்தூள்:
கேட்கட்டுமே! "59 என்ன?" என்று கேட்டால், "நீ இழுத்த இழுப்பு" என்று சொல்ல வழி கிடைக்கிறது. கிலோ என்றதும் அவளுக்குக் கேள்வியே முடிந்துபோகிறது. தட்டுத் தராசு இரண்டு பொருளின் நிறையை ஒப்பிடுகிறது. சுருள்வில்லுக்கு அதெல்லாம் தெரியாது, தன்னை எவ்வளவு இழுக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். நிலவுக்குக் கொண்டுபோனால் தட்டுத் தராசு அதே ஒரு கிலோவைத்தான் காட்டும். கொக்கித் தராசு ஆறில் ஒரு பங்குதான் காட்டும்.

பழையபேப்பர்:
நிலவில் போய் யார் சார் வெங்காயம் நிறுக்கப் போகிறார்கள்? கிலோவை விசையாகவும் சொல்வதுண்டு, கிலோகிராம் விசை என்று ஓர் அலகே இருந்தது. அதிலிருந்து மெல்ல நியூட்டனுக்குக் கூட்டிப்போங்கள். 100 கிராம் உப்பைக் கையில் வைத்து, இதன் எடை கிட்டத்தட்ட ஒரு நியூட்டன் என்றால் பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

பனங்கிழங்கு:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறுக்கீடு. நாங்கள் இதை விற்றராசு என்போம். உங்கள் தமிழ்நாட்டுப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பது 'நிறை', நியூட்டனில் அளப்பது 'எடை'. எங்கள் விஞ்ஞான நூலில் கிலோகிராமில் அளப்பது 'திணிவு', நியூட்டனில் அளப்பதுதான் 'நிறை'. உங்கள் ஊர்க் காணொளியைப் பார்த்துப் படித்த என் மாணவன் ஒருவன், விற்றராசால் நிறையை அளக்க ஏலாது என்று எழுதிப் புள்ளி இழந்தான். உங்கள் ஊரில் எழுதியிருந்தால் அதே விடைக்குச் சரி போட்டிருப்பார்கள். தமிழுக்குள்ளேயே சொல் இப்படிப் புரளும்போது, அலகாவது நிலையாக இருக்கட்டும். நான் ஆசிரியர் பக்கம்.

பழையபேப்பர்:
இது என் பக்கத்துக்குத்தான் சாட்சி, ஐயா. சொல்லை நம்பியதால் அவன் விழுந்தான். கையால் இழுத்துப் பார்த்திருந்தால் விழுந்திருக்க மாட்டான்.

லேத்பட்டறை:
தாளுக்கும் சொல்லுக்கும் சண்டை போடுகிறீர்கள். அந்த 6 என்ற அளவே சரிதானா என்று யாரும் கேட்கவில்லை. கொக்கித் தராசைத் தொங்கவிட்டுத்தான் பூஜ்யம் வைக்கிறார்கள். அப்போது கொக்கியின் எடையும் சுருளை ஒரு சொட்டு இழுத்திருக்கும். தரையோடு படுக்கவைத்து இழுத்தால் அந்த இழுப்பு இல்லை, முள் அவ்வளவு குறைத்துக் காட்டும். சின்ன விசை என்றால் இது பெரிய பிழை. படுக்கவைத்தே பூஜ்யம் வைத்துவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம், பெஞ்ச் அசையத் தொடங்கும் நொடியில் முள் மேலே ஏறி, நகர ஆரம்பித்ததும் சற்று இறங்கும். அந்தப் பெண் எதைப் படித்தாள்?

சாக்பீஸ்தூள்:
பெஞ்ச் நகர்ந்துகொண்டிருக்கும்போது படித்தாள். பூஜ்யம் வைத்தது தொங்கவிட்டுத்தான், ஒத்துக்கொள்கிறேன். ரப்பர் பேண்டில் பிள்ளைகளையே தராசு செய்யச் சொல்லலாம் என்றும் யோசனை.

லேத்பட்டறை:
செய்யச் சொல்லுங்கள், ஆனால் ரப்பரை நம்பாதீர்கள். பிளாஸ்டிக் பையில் 100 மில்லி, 100 மில்லியாகத் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டால் சுருளில் கோடுகள் சம இடைவெளியில் விழும், ரப்பரில் விழாது. தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் ரப்பர் பழைய கோட்டுக்குச் சரியாகத் திரும்பவும் செய்யாது. பேனா சுருளை எடுத்து வராதீர்கள், அது அமுக்குவதற்கான சுருள்.

சாக்பீஸ்தூள்:
பேப்பர்க்காரரே, உங்களுக்கு ஒரு சோதனை. இரண்டு கொக்கித் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒன்றை நீங்களும் மற்றதை உங்கள் மகளும் பிடித்து இழுங்கள். எது அதிகம் காட்டும் என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.

பழையபேப்பர்:
செய்து பார்த்தாயிற்று. அவள் நாலாம் வகுப்பு. "அப்பாவுக்குத்தான் அதிகம், அப்பா குண்டு" என்றாள். இரண்டிலும் 3. நான் ஏமாற்றுகிறேன் என்று தராசை மாற்றிப் பிடித்தாள், அப்போதும் இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. பிறகு அவள் முனையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு நான் மட்டும் 3 வரை இழுத்தேன். கம்பிப் பக்கத் தராசிலும் 3. "கம்பி எப்படிப்பா இழுக்கும்?" என்று கேட்டவள் இன்னும் விடவில்லை.

சரி, அந்த 3-ஐக் கிலோ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, அங்கே எந்தப் பொருளையும் நிறுக்கவில்லையே. அதற்காகக் கிலோவை அழிக்கச் சம்மதிக்க மாட்டேன். இடப்பக்கம் கிலோ இருக்கட்டும், வலப்பக்கம் நியூட்டன் எழுதுங்கள்.

சாக்பீஸ்தூள்:
பெஞ்ச் இழுக்கும் அன்று இடப்பக்கத்தை மறைப்பேன். அதில் மாற்றமில்லை.

பழையபேப்பர்:
மறையுங்கள். உப்பு நிறுக்கும் அன்று திறங்கள்.

லேத்பட்டறை:
அந்தத் தளர்ந்த தராசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தலையில் திருகு இருந்தால் அதைத் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பையில் அரை லிட்டர் தண்ணீர் தொங்கவிடுங்கள். 5 நியூட்டனுக்குச் சற்றுக் கீழே நின்றால் இன்னும் ஓட்டலாம். நிற்காவிட்டால், அளவுக்கு மீறி இழுத்தால் சுருள் என்ன ஆகும் என்று காட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ்தூள்:
திருகு துருவேறி இறுகிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பார்க்கலாம்.