காப்புரிமைக்கு ஏழரை: கட்டணமா, கைகழுவலா?

கேள்வி:
ஆய்வகத்தில் இருந்தபோது சென்சார் பூச்சு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினோம். உரிமை பல்கலைக்கழகத்துக்கு, கண்டுபிடித்தவர்களில் நானும் ஒருவன். இதுவரை யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை. இப்போது ஏழரையாம் ஆண்டுக் கட்டணம் (பெயரே சகுனம்!). "மதிப்பில்லை, விடுகிறோம்" என்கிறது பல்கலைக்கழகத்தின் லைசென்ஸ் அலுவலகம். இத்தனை நாள் இல்லாத மதிப்பு இனிமேலா வரும்?

பதில்:
வரலாம். அப்படியோர் அலுவலகத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். காப்புரிமை கிடைத்த நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்டணம். கட்டாவிட்டால் காப்புரிமை செத்துவிடும். தவணைக்குத் தவணை தொகை ஏறும். எக்செல் தாளில் 'லைசென்ஸ் எடுத்தவர்' கட்டம் காலியாக இருந்தால் ஏழரையில் சிவப்பு அடித்துவிடுவோம். கண்டுபிடிப்பு என்னவென்று பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அப்படி விட்ட ஒன்றைக் கேட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. தவறுதலாக விட்டிருந்தால் மனுப்போட்டு மீட்கலாம். நாங்கள் தெரிந்தே விட்டது. போனை வைத்தபிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஸ்டான்ஃபோர்டின் ஜான் சௌனிங் எஃப்எம் ஒலியாக்கத்தை (மின்னணு முறையில் இசை ஒலிகளை உருவாக்கும் உத்தி) கண்டது 1967-ல். காப்புரிமை கிடைத்தது 1977-ல். அதை வைத்து யமஹா செய்த டிஎக்ஸ்7 கீபோர்ட் வந்ததோ 1983-ல். பணம் கொட்டியது அதற்கப்புறம்தான். மரபணு ஒட்டுக்கான (ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் சேர்ப்பது) கோஹன்-போயர் காப்புரிமையும் அப்படியே: 1974-ல் விண்ணப்பம், 1980-ல் கிடைத்தது, 1997-ல் காலாவதி. மொத்த வருமானம் 25 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பங்கு, மருந்துகள் விற்பனைக்கு வந்தபின் கடைசிச் சில வருடங்களில் வந்ததுதான்.

இன்னொருவர்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அந்த இரண்டையும் காசு கொடுத்து லைசென்ஸ் எடுத்தவர்கள் முன்பே இருந்தார்கள். இவருக்கு ஒருவருமில்லை. அந்தக் காலக் கணக்கு வேறு; இப்போதைய விதிப்படி ஆயுளோ விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுதான். சந்தை வரும்வரை கடிகாரம் நிற்காது. கூகுள் பேட்டன்ட்ஸில் உங்கள் எண்ணைப் போட்டு, பின்னால் வந்த எந்தக் காப்புரிமைகள் உங்களுடையதைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். எல்லாம் கல்லூரிகளென்றால் விட்டுவிடலாம். கம்பெனி இருந்தால் அவர்களுக்கு உங்களுடையது தேவைப்படலாம், யோசியுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். ஐந்து சுட்டல்கள், மூன்று ஒரே கம்பெனியுடையவை, மூன்றும் கடந்த இரண்டு வருடத்தில். ஸ்கிரீன்ஷாட்டை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

முதல் பதிலாளர்:
ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, நேரில் போய் உட்காருங்கள். கெடு தாண்டினாலும் அபராதத்தோடு கட்ட ஆறு மாதம் உண்டு. அவர்கள் மசியாவிட்டால், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.