மறுமொழி: குத்துச்சண்டையில் ‘கிளிஞ்ச்’ – ‘பிணையல்’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

குத்துச்சண்டையில் இருவரும் ஒருவரையொருவர் கையால் மடக்கி ஒட்டி நிற்பதுதான் ‘கிளிஞ்ச்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்குக் கட்டிப்பிடித்தல், அணைப்பு, பற்றுகை, பூட்டு என நான்கு சொற்கள் இந்த இழையில் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாகப் ‘பிணையல்’ என்பதை வைக்கிறேன். எதிராளியை விடாமல் பிடித்துக்கொள்ளும் ‘ஹோல்டிங்’ என்ற தவறுக்குத் தனியாகப் ‘பிடித்துவைத்தல்’. பிணையல் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே சொல்லை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

> இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு சொல்?

ஒன்றில்லை. கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கையுறையில் கட்டைவிரல் மற்ற பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். விரல்களால் எதையும் இறுகப் பற்ற முடியாது. பிடிப்பதெல்லாம் முழங்கை மடிப்பாலும் அக்குளாலும்தான். எதிராளி குத்து வீசும்போது பின்வாங்காமல் ஓர் அடி உள்ளே எடுத்து வைக்கிறார் ஒரு வீரர். வீசிய கை இலக்கைத் தாண்டிப் போகிறது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மறுகையை எதிராளியின் புயத்தைச் சுற்றிப் போட்டு மடக்குகிறார். தலை எதிராளியின் தோளில், காதோடு காது ஒட்டியபடி. அப்புறம் தன் எடையை அவர்மேல் சாய்க்கிறார். அடிவாங்கித் தலை சுற்றுகிறவருக்கு அந்தச் சில நொடிகள் போதும், மூச்சு திரும்பிவிடும், கால் நிலைத்துவிடும்.

எதிராளியும் சும்மா நிற்பதில்லை. தன் கையை உருவப் பார்ப்பார், முடியாவிட்டால் இவர் கையை மடக்குவார். இரண்டு மூன்று நொடியில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்றே சொல்ல முடியாது. இந்த நிலைதான் கிளிஞ்ச். இதில் குற்றவாளி என்று ஒருவர் இல்லை. நடுவர் பிரியச் சொல்கிறார், இருவரும் விலகுகிறார்கள், ஆட்டம் தொடர்கிறது.

ஹோல்டிங் அப்படியல்ல, அது ஒருவர் மற்றவருக்குச் செய்வது. எதிராளியின் கையை வேண்டுமென்றே விடாமல் இடுக்கிவைப்பது, பிரியச் சொன்ன பிறகும் தொங்கிக்கொண்டிருப்பது, ஒரு கையால் பிடித்து மறுகையால் குத்துவது எல்லாம் இதில் வரும். முதலில் எச்சரிக்கை, அப்புறம் புள்ளிக் கழிவு. தமிழ் வினைகளில் நமக்கு ஏற்கெனவே இந்த வேறுபாடு இருக்கிறது. இருவரும் பிணைந்தார்கள், ஒருவர் மற்றவரைப் பிடித்துவைத்தார். நடுவர் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். சொல்லும் அதைப் பிரித்துக் காட்டட்டுமே.

> விதிப்படி தடைசெய்யப்பட்ட ஒன்றுக்கு மரியாதையான கலைச்சொல் எதற்கு?

நவீனக் குத்துச்சண்டைக்கு அடித்தளமான, 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளில் இரண்டாவது விதி மல்யுத்தமும் கட்டியணைப்பும் கூடாது என்றுதான் சொல்கிறது. அதற்கு முந்தைய வெறுங்கைச் சண்டைகளில் எதிராளியை இடுப்புக்கு மேலே பிடித்துத் தூக்கி எறியலாம். அவர் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. எறிவது தடைசெய்யப்பட்டது, ஆனால் பிடி போகவில்லை. எறிய முடியாத பிடி வேறு வேலைகளுக்குப் பயன்பட ஆரம்பித்தது: நேரம் கடத்த, களைப்பாக்க, எதிராளியின் தாளத்தைக் குலைக்க. ஒன்றரை நூற்றாண்டாக இது ஆட்டத்தின் பாகமாகவே இருக்கிறது.

முகமது அலியைப் பாருங்கள். 1974 ஜனவரியில் நியூயார்க்கில் ஜோ ஃப்ரேசியரோடு நடந்த இரண்டாவது சண்டையில், ஃப்ரேசியர் குனிந்து உள்ளே வரும்போதெல்லாம் அலி அவர் பின்கழுத்தில் கையைப் போட்டுக் கீழே அழுத்தினார். ஃப்ரேசியரின் பலமே நெருங்கி நின்று வீசும் இடது ஹூக்தான் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து). கழுத்து அமுங்கியிருந்தால் அதற்கு வழியில்லை. 12 சுற்று முடிவில் அலிக்கு வெற்றி. அதே ஆண்டு அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கும் அதே வைத்தியம். கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியது மட்டும்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது, ஃபோர்மனின் கழுத்தில் தொங்கி அவரைச் சோர்வடையவைத்ததை யாரும் பேசுவதில்லை. ஃப்ரேசியரோடு நடந்த 1975 மணிலா சண்டையில் நடுவர் கார்லோஸ் படில்லா அந்தக் கழுத்துப் பிடியை அனுமதிக்கவில்லை, கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அலி 14 சுற்றுகள் நேருக்கு நேர் நின்று சண்டையிட வேண்டியதாயிற்று. நடுவர் பிடியை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துச் சண்டையே வேறாகிவிடுகிறது.

ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த விளாடிமிர் கிளிச்கோ இதை அளவு மீறிக் கொண்டுபோனவர். 2013 அக்டோபரில் மாஸ்கோவில் அலெக்சாண்டர் பவெட்கினை நான்கு முறை தரையில் விழவைத்தார், மூன்று புள்ளி நடுவர்களும் 119–104 என்று கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சண்டையைப் பார்ப்பது வேதனை. குத்து, உடனே சாய்வு, மறுபடி குத்து, மறுபடி சாய்வு. தன்னைவிடக் குள்ளமான ஆளின் தோளில் அந்தப் பேருடலின் எடை 12 சுற்றும் இறங்கிக்கொண்டே இருந்தது. நடுவர் புள்ளி கழித்ததோ 11ஆம் சுற்றில், ஒரே ஒரு முறை. 2015இல் பிரையன்ட் ஜென்னிங்ஸோடு மோதியபோது பிடித்துவைத்ததற்காக 10ஆம் சுற்றில் ஒரு புள்ளி போனது. இதையெல்லாம் ‘அணைப்பு’ என்று எழுத எனக்குக் கை வராது.

மறுபக்கமும் உண்டு. 2007இல் லாஸ் வேகாஸில் ஃப்ளாய்ட் மேவெதர், ரிக்கி ஹாட்டன் சண்டை. ஹாட்டன் ஒட்டி நின்று, ஒரு கை சிக்கியிருந்தாலும் மறுகையால் விலாவில் குத்துகிற ஆள். நடுவர் ஜோ கோர்டெஸ் இருவரும் சேர்ந்தவுடனே பிரித்துக்கொண்டிருந்தார், ஹாட்டனுக்குத் தன் ஆட்டத்தை ஆடவே இடம் கிடைக்கவில்லை. மேவெதர் எப்படியும் வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன், இருந்தாலும் ஹாட்டன் தரப்பின் குறை நியாயமானது. ஒரு கை விடுபட்டு வேலை செய்துகொண்டிருக்கும்வரை அது பிணையலே ஆகாது, நெருங்கிய சண்டை. அதற்கும் நமக்குத் தனிச்சொல் வேண்டும்.

தாய்லாந்துக் குத்துச்சண்டையும் இருக்கிறது. அங்கே இந்தப் பிடியிலிருந்து முழங்காலால் தாக்கலாம், அதற்கென்றே மணிக்கணக்கில் பயிற்சி. குற்ற வாடை அடிக்கும் சொல்லை வைத்தால் அங்கே பயன்படாது.

சரி, சொற்களுக்கு வருகிறேன். கட்டிப்பிடித்தல், அணைப்பு இரண்டிலும் அன்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. பற்றுகை ஒருவர் செயலாகத் தொனிக்கிறது. பூட்டு நல்ல சொல்தான், ஆனால் அடிமுறை என்ற தற்காப்புக் கலையிலும் மல்யுத்தத்திலும் அது மூட்டை மடக்கி வலியெடுக்க வைக்கும் பிடியைக் குறிக்கிறது. அங்கிருந்து பிடுங்கக் கூடாது. பிணையலில் இந்தச் சிக்கல் இல்லை. களத்தில் கதிர் மிதிக்க மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டிச் சுற்றவிடுவது பிணையல். நாட்டிய மரபில் இரு கைகளும் சேர்ந்து காட்டும் முத்திரையும் பிணையல். இரண்டு சேர்ந்தால்தான் அந்தச் சொல்லே வரும்.

‘பிணை’ என்றால் ஜாமீன் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிணையில் வெளியே வந்தார் என்பதையும் பிணையலில் இருந்து வெளியே வந்தார் என்பதையும் விளையாட்டுப் பக்கத்தில் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக்கூடங்களில் கிளிஞ்ச் என்றேதான் சொல்வார்கள், சொல்லட்டும். நமக்கு வேண்டியது எழுத்துக்கும் வர்ணனைக்கும். ‘ஏழாம் சுற்றில் இடது ஹூக் வாங்கியதும் பிணையலுக்குள் புகுந்தார்’ என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு வருகிறது.

நடுவரின் ‘பிரேக்’ என்ற கட்டளைக்கு ‘விலகு’ போதும் என்று நினைக்கிறேன். பிடித்துக்கொண்டே குத்துவதற்குப் ‘பிடித்தடி’. விலகும் கணத்தில் நழுவவிடும் குத்துக்குத்தான் எனக்கு எதுவும் அமையவில்லை. ‘விலகடி’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தியில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.