இதழில் வெளிவந்த ஆவணப் புகைப்படத்தைக் கலைக்கூடத்தில் விற்கலாமா?

கேள்வி – ஒளிவாசல்

செய்தி இதழ்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அதற்கிடையே, துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளர்களைச் சில ஆண்டுகளாகச் சொந்த விருப்பத்தில் எடுத்து வருகிறேன். அந்த வரிசையைப் பார்த்த ஒரு கலைக்கூடம், சில படங்களை எண்ணிட்ட அச்சுகளாக, அதாவது இத்தனைதான் என்று வரம்பிட்டு வரிசை எண் இட்ட அச்சுகளாக, விற்கலாம் என்கிறது. ஆனால் அவற்றுள் இரண்டு ஏற்கெனவே ஓர் இதழில் வந்தவை. ஆவணப் புகைப்படம், கலைப் புகைப்படம் இரண்டையும் ஒருவரே தொழிலாகக் கொள்ள இயலுமா? கையெழுத்திடுமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் – இருட்டறை

தாராளமாக இயலும். புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ், ஊர்ப்புற வறுமையைப் படமாகப் பதிவுசெய்த அமெரிக்க அரசின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக எடுத்த படங்களில் பல, 1938-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய தனிக் கண்காட்சியில் இடம்பெற்றன. 1942-இல் அதே நிர்வாகத்தில் பணியைத் தொடங்கிய கார்டன் பார்க்ஸ், பின்னர் லைஃப் இதழில் வறுமையையும் ஆடை அலங்காரத்தையும் ஒருங்கே எடுத்தவர்.

உங்கள் சிக்கல் வகைப்பாட்டில் இல்லை, உரிமையில் இருக்கிறது. டொரோதியா லாங்கே 1936-இல் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' என்ற புகழ்பெற்ற படம் அரசுப் பணிக்காக எடுக்கப்பட்டதால், அதன் பதிப்புரிமை அவருக்கு இல்லாமலே போயிற்று. 1947-இல் மேக்னம் என்னும் புகைப்படக்காரர்களின் கூட்டுறவைத் தொடங்கியவர்கள், படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக நின்றதை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே, அந்த இரண்டு படங்களுக்கும் நீங்கள் இதழுக்குக் கொடுத்தது வெளியிடும் உரிமை மட்டும்தானா, முழு உரிமையுமா என்று பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் முழு உரிமையைக் கேட்கும். அதைப் படிக்காமலே கையெழுத்திடுவோர்தாம் அதிகம்.

பதில் – அச்சுப்பட்டறை

எண்ணிக்கை வரம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு படத்துக்குப் பத்து அச்சுகள் என்று அறிவித்தபின், பதினோராவதைப் போடுவது வாங்கியவர்களை ஏமாற்றுவதாகும். அந்தப் பத்து ஓர் அளவுக்கா, எல்லா அளவுகளுக்கும் சேர்த்தா என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. கலைஞருக்கென ஒதுக்கும் இரண்டொரு அச்சுகளையும் தனியே குறிப்பிடுங்கள். அச்சின் பின்புறம் பென்சிலால் 3/10 (பத்தில் மூன்றாவது) என்றெழுதி, தலைப்பு, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, கையொப்பம் ஆகியவற்றைச் சேர்த்து, அதே விவரங்களை ஒரு பதிவேட்டிலும் ஏற்றிவையுங்கள்.

இந்த வரம்பு விற்பனை அச்சுகளுக்கு மட்டுமே உரியது. இதழிலோ நூலிலோ படம் வெளிவருவதை அது தடுக்காது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கலைக்கூடம் விற்பனையில் பாதியை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். சட்டகச் செலவு யாருடையது, விற்காத அச்சுகள் எப்போது திரும்பும் என்று கேட்டுத் தெளியுங்கள்.

கேள்வி கேட்டவர் – ஒளிவாசல்

மிக்க நன்றி. அந்தத் தொழிலாளர்களின் முகங்கள் யாரோ ஒருவருடைய வரவேற்பறையில் தொங்கப்போகின்றன என்பது உறுத்துகிறது. அவர்கள் படமெடுக்க ஒப்புக்கொண்டார்கள். விற்பனையைப் பற்றி நான் பேசியதே இல்லை.

பதில் – இருட்டறை

உறுத்துவது நியாயமே. லாங்கே எடுத்த அந்தத் தாயின் பெயர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். லாங்கே அவரிடம் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று தாம்ப்சன் 1970-களின் இறுதியில் வெளிப்படையாகவே வருந்தினார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், அதைக் காரணம் காட்டி நழுவுவதைவிட நேரில் சென்று சொல்லிவிடுவதே முறை. எவரேனும் வேண்டாம் என்றால் அந்தப் படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பெயரும் தொழிலும் கொண்ட படக்குறிப்பு ஒவ்வோர் அச்சுடனும் செல்ல வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்; பெயர் இல்லாவிட்டால் வெறும் தசையும் வியர்வையும்தான் சுவரில் மிஞ்சும்.

படத்தில் உள்ளவர்களுக்கு ஆளுக்கோர் அச்சைக் கொடுப்பதாயின், அவை எண்ணிக்கை வரம்புக்கு வெளியே என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். விற்பனை தொடங்கியபின் கேட்டால் கலைக்கூடம் இசையாது.