இந்தியப் பத்திரிகை வரலாறு: ஆங்கிலத்தின் கதையா?

மசித்துளி:
1780 ஜனவரி 29, கல்கத்தா. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தன் ஆங்கில வார ஏடான 'பெங்கால் கெஜட்'டைத் தொடங்கினார். கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸையே வம்புக்கு இழுத்துச் சிறைக்குப் போனார். அரசை எதிர்க்கும் பத்திரிகை இந்தியாவில் அங்கேதான் பிறந்தது. அதன்பிறகும் மாகாணம் தாண்டிப் பேசியவை ஆங்கில ஏடுகள்தான். மற்றவை அந்தந்த வட்டாரத்தோடு நின்றுவிட்டன. மறுப்பவர் யாராவது உண்டா?

கடைசிப்பக்கம்:
நான் மறுக்கிறேன். ஹிக்கி எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் சண்டை, படித்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. இரண்டு வருடத்தில் கதை முடிந்தது. 1822-ல் பம்பாயில் பர்துன்ஜி மர்ஸ்பான் தொடங்கிய குஜராத்தி ஏடு 'மும்பை சமாச்சார்' என்ற பெயரில் இன்றும் வருகிறது.

அரசு யாருக்குப் பயந்தது என்று பாருங்கள். 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த சட்டப்படி, இந்திய மொழிப் பத்திரிகைக்காரரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம், அச்சகத்தைப் பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. ஆங்கில ஏடுகளுக்கு மட்டும் விலக்கு!

மசித்துளி:
அந்தச் சட்டம் என் பக்கம்தான் பேசுகிறது. வங்காளமும் ஆங்கிலமுமாக வந்த 'அம்ரித பஜார் பத்திரிகா' முழு ஆங்கிலத்துக்கு மாறித் தப்பித்தது. அதே வருடம் செப்டம்பரில் சென்னையில் 'தி இந்து' வந்தது. இந்தியரான முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை வெள்ளையர் ஏடுகள் தாக்கின. அதற்கான பதில் ஆங்கிலத்தில்தானே வர வேண்டும்? கடன் வாங்கி 80 பிரதி அடித்தார்கள். மதிப்பு எண்ணிக்கையில் இல்லை.

கடைசிப்பக்கம்:
தப்பித்து ஓடியதை வெற்றிக் கணக்கில் எழுதுகிறீர்களே! சரி, 'இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திர'னை எதற்குத் தொடங்கினார்? ஆங்கிலம் போதுமென்றால் ஒரே மனிதருக்கு இரண்டு பத்திரிகை ஏன்? 1898-ல் 'இந்து'விலிருந்து விலகினார், அடுத்த வருடமே 'சுதேசமித்திரன்' நாளேடானது. 1904-ல் பாரதி வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

தபால்பை:
நடுவில் நுழைகிறேன். இன்றைய மாநில எல்லையை வைத்து அன்றைய பத்திரிகைகளை அளக்கிறீர்கள். முதல் இந்தி வார ஏடான 'உதந்த் மார்த்தாண்ட்' 1826-ல் கல்கத்தாவில் வந்தது. வாசகர்கள் வடக்கே வெகுதொலைவில். தபால் கட்டணச் சலுகை கிடைக்காமல் அடுத்த வருடக் கடைசியில் நின்றுபோனது. தெலுங்கு 'ஆந்திர பத்திரிகா' 1908-ல் தொடங்கியது பம்பாயில். இவையா வட்டாரத்தோடு நின்றவை? தலையங்கத்தைப் பற்றியே பேசுகிறோம், தபால் செலவை யாரும் எழுதுவதில்லை.

மசித்துளி:
தபால் விஷயம் நல்ல சேர்க்கை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்பாயில் அச்சானதால் 'ஆந்திர பத்திரிகா'வை மராத்திக்காரர் படித்துவிடவில்லை. திலகரைப் பாருங்கள். மராத்தியில் 'கேசரி', கூடவே ஆங்கிலத்தில் 'மராத்தா', இரண்டும் 1881. மராத்தி மட்டும் போதாது என்று அவர் தரப்பே நினைத்திருக்கிறது.

கடைசிப்பக்கம்:
1897-ல் ராஜதுரோக வழக்கு எதில் வந்த எழுத்துக்காக? 'கேசரி'. 1908-ல் ஆறு வருடம் பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பியது? அதுவும் 'கேசரி' கட்டுரைகளுக்காக. 'மராத்தா' அரசுக்கு நேரடியாகப் புரிந்த மொழியில்தான் வந்தது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்து மராத்தி ஏட்டின் மீதுதான் வழக்கு நடத்தினார்கள். இதற்கு உங்கள் விளக்கம் என்ன?