ரொட்டியை நிறுத்திவிட்டு வந்த நோயாளியும் கணினி சொன்ன முடிவும்

திசு நோயியல் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில், ரொட்டியும் இயந்திரக் கற்றலும் (படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் மென்பொருள்) ஒரே நோயாளியிடம் குறுக்கிட்ட அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

எண்டோஸ்கோபியில் எடுத்த முன்சிறுகுடல் திசு ஒன்று எங்களிடம் வந்தது. இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு அசைந்து கொடுக்காத ரத்தசோகையும் வயிற்று உப்புசமும் அந்தப் பெண்ணுக்கு நெடுநாளாக இருந்ததால், சீலியாக் நோயா என்று அறிய விரும்பினார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கிளர்ந்தெழுந்து, பூந்துவாலையின் இழைகளைப் போல் நிற்கும் குடலுறிஞ்சிகளைச் சிதைத்துத் தட்டையாக்கிவிடும் நோய் அது. ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு உண்டு.

ஸ்லைடுகளை, அதாவது திசுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை, ஸ்கேன் செய்து படிக்கும் மென்பொருள் ஒன்றை அப்போது சோதித்துக்கொண்டிருந்தோம். இத்தகைய கருவிகளை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. உறிஞ்சிகள் சற்றே குட்டையான ஆரம்பநிலை ஸ்லைடில் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வது எங்கள் துறையில் வாடிக்கை. ஐந்து மருத்துவமனைகளின் 4,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிச் சோதித்த மென்பொருள், நூறில் 97-க்கும் மேற்பட்ட திசுக்களில் சரியான முடிவைத் தந்ததாக 2025-இல் அறிவித்தார்கள்.

அந்தப் பெண்ணின் திசு இயல்பாக இருப்பதாக மென்பொருள் சொன்னது; என் கண்ணுக்கும் அப்படியே தெரிந்தது. இந்த நோயில் நோய் எதிர்ப்பு அமைப்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடியபோது, அதுவும் இயல்பு அளவில்தான் இருந்தது. ஆனால், ரொட்டி சாப்பிட்டால் வயிறு கெடுகிறது என்று அவர் பல மாதங்களுக்கு முன்பே கோதுமையை அடியோடு விட்டுவிட்டார் என்பதை, அவரைப் பார்த்த குடல்நோய் மருத்துவர் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். குளூட்டன் இல்லாதபோது எதிர்ப்பொருள் குறைந்துவிடும், உறிஞ்சிகளும் மெல்ல வளர்ந்துவிடும்; உணவால் மாறாத மரபணுச் சோதனையோ நோய்க்கு வாய்ப்புண்டு என்பதை மட்டுமே காட்டியது.

வேறு வழியின்றி, மருத்துவக் கண்காணிப்பில் அவர் தினமும் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடத் தொடங்கினார். இந்த நோயின் காரணம் வெளிப்பட்ட விதமும் ஏறக்குறைய இதுதான்: நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது தேறிய சீலியாக் குழந்தைகள், அது மீண்டும் கிடைத்ததும் நலிந்ததை அந்நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே கவனித்திருந்தார். சில வாரங்களில் எங்கள் நோயாளியின் எதிர்ப்பொருள் உயர்ந்தது. மறுமுறை எடுத்த திசுவில் உறிஞ்சிகள் தேய்ந்து, மேற்படலத்தில் வெள்ளணுக்கள் நெருங்கியிருந்தன. இம்முறை மென்பொருள் சீலியாக் என்றது.

மென்பொருள் இரண்டு தடவையும் ஸ்லைடைச் சரியாகவே படித்தது என்பதே என் கணிப்பு. ஸ்லைடில் இல்லாத ஒன்றை, அதாவது நோயாளி என்ன சாப்பிட்டார் என்பதை, அதற்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. இந்நோயைச் சந்தேகிப்பவர்கள் சோதனைகள் முடியும்வரை ரொட்டியைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விட்டபின் திரும்பத் தொடங்கிய அந்த வாரங்கள் அவருக்கு மிகுந்த வேதனையாக இருந்தன. குடல் திசுவுடன் எங்களுக்கு வரும் படிவத்தில் "கடைசியாகக் கோதுமை உணவு உண்டது எப்போது?" என்ற வரியை இப்போது சேர்த்திருக்கிறோம், பாதிப் பேர் அதை நிரப்பாமல்தான் அனுப்புகிறார்கள்.